பொங்கலுக்கு இனிப்புக் காரக் கடலை: பொறுக்கி வறுப்போம், பார்த்துக் கொடுப்போம்



தை பிறக்கப் போகிறது. வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மகளும் மருமகனும் வருவார்கள். வேலைக்குப் போன தம்பி திருப்பூரிலிருந்து வருவான். மாட்டுப் பொங்கலன்று திண்ணையில் பத்துப் பேராவது உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு தட்டில் என்ன வைக்கப் போகிறீர்கள்?

கடையில் தொங்குகிற பொட்டலத்தை வாங்கிப் பிரித்து வைக்கலாம். ஆனால் சாணார்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதற்கு அவசியமே இல்லை. நம் செம்மண் காட்டில் விளைகிற நிலக்கடலை இருக்கிறது. வெல்லம் இருக்கிறது. மிளகாய் வற்றல் இருக்கிறது. இந்த மூன்றையும் கொண்டு இனிப்பும் காரமுமாக ஒரு நல்ல பண்டம் செய்யலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாய்க்கும் ஆதாரம் கடலையும் வெல்லமும்தான். ஏழை வீட்டுப் பண்டம் என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

செய்முறையைக் கீழே சொல்லியிருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எந்தக் கடலையை வறுக்கிறோம் என்பது ஒன்று. யாருக்கு எப்படிக் கொடுக்கிறோம் என்பது மற்றொன்று. ருசி அடுப்பில் இருக்கிறது. குடும்பத்தின் நலம் இந்த இரண்டில்தான் இருக்கிறது. புருஷன், பெண்சாதி இருவரும் சேர்ந்து படியுங்கள்.

கடலையில் என்ன இருக்கிறது?

100 கிராம் நிலக்கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் தின்றால் 7 கிராம் புரதம் கிடைக்கிறது. ஒரு கோழிமுட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கர்ப்பிணிக்குத் தேவையான ஃபோலிக் சத்தும் கடலையில் உண்டு. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. ஆகவே ஒரு கைப்பிடி நல்லது. ஒரு படி நல்லதல்ல.

அடுப்புக்கு முன்னால் ஒரு வேலை

பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது:

"ஏங்க, இந்தக் கடலையில பாதி கருப்பு கருப்பா, பச்சை பூத்தாப்ல இருக்குதே?"

"அட, வறுத்துப் போடு புள்ள. சூட்டுல எல்லாம் போயிரும்."

போகாது! இதைத்தான் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரம் காயாத கடலையில் ஒரு வகைப் பூஞ்சணம் பிடிக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி போலத் தெரியும். அந்தப் பூஞ்சணம் தன்னிடமிருந்து ஒரு விஷத்தை விடுகிறது. அதற்கு 'அஃபிளாடாக்சின்' என்று பெயர். பூஞ்சணம் சூட்டில் செத்துப்போகும். ஆனால் அது விட்டுப்போன விஷம் வாணலிச் சூட்டுக்கு முழுதும் அழியாது. கழுவினாலும் போகாது. வெல்லப்பாகும் மிளகாய்த்தூளும் போட்டால் கசப்புத்தான் மறையும். விஷம் அப்படியே இருக்கும். ஆகவே வெறும் கடலையைவிட, இனிப்புக் காரக் கடலைக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இந்த விஷம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதையைக் கேளுங்கள். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. என்ன நோயென்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு இருந்தது.

கோழிக்குத்தானே வந்தது என்று இருந்துவிட முடியாது. 1974-ஆம் ஆண்டு இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில கிராமங்களில் அறுவடை சமயத்தில் பருவம் தவறி மழை பெய்தது. மக்காச்சோளம் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. ஏழை ஜனங்கள் வேறு தானியம் இல்லாமல் அதையே சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் வந்து நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வீடுகளில் மீந்ததைத் தின்ற நாய்களும் செத்தன. விஷம் இதேதான்.

நம் வீட்டில் அப்படி ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. பயப்பட வேண்டாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் ஈரல் கெடுகிறது. ஈரலில் புற்றுநோய் வரவும் இடம் கொடுக்கிறது. ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடுகிற ஊசியிலும் அந்த மருந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் குழந்தைக்கு இவை போட்டாகிவிட்டதா? தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பொறுக்குவது எப்படி?

அரை மணி நேர வேலைதான். பெண்பிள்ளை மட்டும் செய்ய வேண்டிய வேலையுமல்ல. பொங்கலுக்கு முந்தின நாள், பகல் வெளிச்சத்தில், இருவரும் முறத்தை நடுவில் வைத்து உட்காருங்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பொறுக்கினால் பாதி தப்பிவிடும்.

இவற்றை விலக்குங்கள்:

1. பச்சை, மஞ்சள், சாம்பல், கருப்பு நிறத்தில் பூத்த பருப்பு.
2. சுருங்கிச் சூம்பிப்போன பருப்பு.
3. பூச்சி துளைத்த சொத்தைப் பருப்பு.
4. முளை விட்ட பருப்பு.
5. தோல் கருத்து நிறம் மாறிய பருப்பு.

பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டொன்றை உடைத்து மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அது பழைய கடலை. வாயில் போட்டதும் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். 'ஒன்றுதானே, முழுங்கிவிடுவோம்' என்று இருக்கக் கூடாது. ஒரு படியில் பத்துப் பருப்பு கெட்டிருந்தாலும், இந்த விஷத்தில் பெரும்பகுதி அந்தப் பத்தில்தான் இருக்கும். அதனால்தான் கையால் பொறுக்குவதற்கு இவ்வளவு பலன்.

கடையில் வாங்குகிறவர்கள் உடைந்த பருப்பையும் பொடிக்கடலையையும் விலை குறைவு என்று வாங்காதீர்கள். முழுப் பருப்பாக, பார்த்து வாங்குங்கள். மூட்டை முழுவதும் பூஞ்சணம் என்றால் பொறுக்கிப் பயனில்லை. அதைத் தொடவே வேண்டாம்.

கழித்ததை என்ன செய்வது?

"மாட்டுக்குப் போடலாமே? இன்னிக்கு மாட்டுப் பொங்கல் ஆச்சே!"

போடாதீர்கள். பசு தின்ற விஷம் பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைத்தான் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். கோழிக்கும் போடக் கூடாது. செக்குக்குக் கொண்டுபோய் எண்ணெய் ஆட்டவும் கூடாது. பிண்ணாக்காகி மறுபடியும் மாட்டுத் தொட்டிக்கே வரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இனிப்புக் காரக் கடலை செய்முறை

வேண்டியவை:

பொறுக்கிய நிலக்கடலைப் பருப்பு: அரைக் கிலோ (முக்கால் கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய இந்த அளவு கிடைக்கும்)
வெல்லம்: 200 கிராம்
மிளகாய்த்தூள்: 2 தேக்கரண்டி
சுக்குப்பொடி: அரைத் தேக்கரண்டி
உப்பு: 1 தேக்கரண்டி
நெய் அல்லது கடலை எண்ணெய்: 2 தேக்கரண்டி
கறிவேப்பிலை: இரண்டு கொத்து

வறுத்தல்: கனமான இரும்பு வாணலியை அடுப்பில் வைத்துப் பருப்பைக் கொட்டுங்கள். தீ சிறியதாகவே இருக்கட்டும். கை விடாமல் கிளறுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஆகும். தீயைத் தூக்கினால் மேலே கருகும். உள்ளே பச்சையாக நிற்கும். தோல் வெடித்து, ஒன்றை எடுத்துத் தேய்த்தால் தோல் கழன்று, உள்ளே இளம் பொன்னிறமாக இருந்தால் பதம் சரி. சூட்டோடு இன்னும் கொஞ்சம் சிவக்கும். ஆகவே ஒரு நிமிஷம் முன்னாலேயே இறக்கி அகலமான தட்டில் கொட்டுங்கள். மணலில் வறுக்கத் தெரிந்தவர்கள் சுத்தமான மணலில் வறுத்துச் சலித்துக்கொள்ளலாம். ஆறியதும் கையால் கசக்கி, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். தோலை நீக்கியதும் இன்னொரு முறை கண்ணோட்டம் விடுங்கள். தோலுக்குள் மறைந்திருந்த கருத்த பருப்பு இப்போது தெரியும். அதையும் எடுத்துவிடுங்கள்.

பாகு: வெல்லத்தை நுணுக்கி, மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் தங்கிவிடும். மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாகை அதில் விடுங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்டால் பாகு வந்துவிட்டது. இந்தப் பதம் வராமல் இறக்கினால் கடலை பிசுபிசுக்கும்.

கலத்தல்: பாகில் நெய்யை விட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். மிளகாய்த்தூள், சுக்குப்பொடி, உப்பு மூன்றையும் போட்டு ஒரு கிளறு கிளறுங்கள். அடுப்பு எரியும்போது மிளகாய்த்தூள் போட்டால் கமறும், காரமும் கருகும். உடனே கடலையைக் கொட்டி வேகமாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு பருப்பிலும் பாகு ஒட்டியதும், எண்ணெய் தடவிய தட்டில் பரப்பிக் கரண்டியால் பிரித்துவிடுங்கள். கறிவேப்பிலையை ஒரு சொட்டு எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தூவுங்கள். பாகு கொதிக்கும் நேரத்தில் பிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். வெல்லப்பாகு தெறித்தால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும்; தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. பாகு கிண்டும் நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பாக இருக்கட்டும்.

நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

சர்க்கரை வியாதி உள்ளவருக்கு

வெல்லம் நாட்டுப் பொருள், அதனால் சர்க்கரை ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெல்லமும் சர்க்கரைதான். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் ஒரு பங்கைத் தனியாகக் காரக் கடலையாகச் செய்யுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், மிளகுத்தூள் போட்டுப் புரட்டி இறக்கினால் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு உப்பைக் கையடக்கமாகப் போடுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாருக்கும் ஒரு தட்டு கிடைக்கும். அவருக்கும் மனசு குளிரும்.

ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு முழுக்கடலை வேண்டாம்

இந்தத் துண்டுப் பிரசுரத்தில் இதைத் தவிர வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் சரியாக இருக்காது. கடலையை அரைக்கத் தெரியாது. வாயில் வைத்துக்கொண்டே ஓடும், சிரிக்கும், அழும். அந்த மூச்சோடு கடலை மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பிள்ளைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கிற பொருள்களில் அடிக்கடி வருவது நிலக்கடலைதான். வீடு நிறைய உறவினர் இருக்கும் பண்டிகை நாளில் ஆபத்து இன்னும் அதிகம். யாராவது ஒருவர் ஆசையாக, "இந்தாடா தங்கம்" என்று இரண்டு பருப்பை வாயில் போட்டுவிடுவார். கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

ஆகவே வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அத்தை, சின்னவனுக்கு மட்டும் முழுக்கடலை குடுத்துடாதீங்க. அவனுக்குப் பொடி தனியா வெச்சிருக்கேன்." சொல்லத் தயங்க வேண்டாம். கடலைத் தட்டைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். கீழே சிந்தியதை உடனே பெருக்குங்கள்.

பிள்ளைக்குக் கடலையின் சத்து வேண்டாமா? வேண்டும். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிய பிறகு, வறுத்த கடலையை நைசாகப் பொடித்து, கஞ்சியிலோ கூழிலோ கலந்து கொடுக்கலாம். முதல் தடவை கால் தேக்கரண்டி போதும். தடிப்பு, முகவீக்கம், வாந்தி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொண்டையில் சிக்கிக்கொண்டால்

பிள்ளை பலமாக இருமினால் இருமட்டும், தடுக்காதீர்கள். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், ஒருவர் 108-க்குப் பேசுங்கள். மற்றவர் இப்படிச் செய்யுங்கள்:

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால், முகம் கீழே பார்க்க, தலை தாழ்ந்திருக்க, முன்கையில் படுக்க வையுங்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வரவில்லையானால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னே குனிய வைத்து, முதுகில் அதேபோல் ஐந்து முறை தட்டுங்கள். பிறகு பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுத்து அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிள்ளை மயங்கிவிட்டால் கீழே படுக்க வைத்து, 108-இல் பேசுபவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். வாழைப்பழம், சோற்று உருண்டை, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கடலை தின்னும்போது திடீரென்று இருமி, பிறகு அடங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டதென்று இருக்காதீர்கள். பருப்பு உள்ளே தங்கியிருக்கலாம். நாலைந்து நாள் கழித்து விடாத இருமலும், இழுப்பும், காய்ச்சலுமாக வரும். சளி என்று மருந்து வாங்கி ஊற்றாமல், "கடலை தின்னப்போ புரையேறுச்சு" என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாய்க்கும் ஒரு பங்கு

எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் தூக்கின் அடியில் கிடக்கும் தூளை வழித்துத் தின்கிறவர் யார்? அநேகமாக அந்த வீட்டுப் பெண்தான். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே வீட்டுக்காரரே! தட்டு போடும்போது உங்கள் மனைவிக்கும் ஒரு கைப்பிடி முதலிலேயே எடுத்து வையுங்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கும், பால் கொடுக்கும் மருமகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சாப்பிட்டால் உணவிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். அதோடு டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆனால் கடலையும் வெல்லமும் தின்றாலே இரத்தம் ஊறிவிடும் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதில் எதுவும் இல்லை. பண்டிகை நாளிலும் அதை விழுங்க மறக்காதீர்கள்.

அடுத்த வெள்ளாமைக்கு

நல்ல கடலை வீட்டுக்கு வர வேண்டுமானால் காட்டிலேயே கவனம் வேண்டும். ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலை ஐப்பசியில் பறிப்புக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. பூஞ்சணம் பிடிப்பதற்கு இது முக்கிய காரணம். பறித்த காயை ஈரத்தோடு குவிக்காதீர்கள். மண் தரையில் போடாமல் தார்ப்பாய் விரித்து மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். மழை இருட்டினால் கூரைக்குள் எடுத்துப் பரப்புங்கள். காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் மூட்டை பிடிக்கலாம். மூட்டையைச் சுவரை ஒட்டி வைக்காமல் பலகை மேல் வையுங்கள். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். காய வைத்த பாடெல்லாம் அந்தத் தண்ணீரில் வீணாகிவிடும்.

நினைவில் வையுங்கள்

கெட்ட கடலையின் விஷம் வறுத்தாலும் போகாது. பொறுக்கிய பின்பே வறுக்க வேண்டும்.
கழித்த கடலை மாட்டுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. புதைத்துவிடுங்கள்.
ஐந்து வயதுக்குள் முழுக்கடலை கூடாது. பொடித்துக் கொடுங்கள்.
பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி போதும். வீட்டுப் பெண்ணுக்கும் அதே கைப்பிடி உண்டு.
பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் உடனே 108.

படித்து முடித்ததும் இந்தத் தாளில் கடலை மடித்துக் கொடுத்துவிடாதீர்கள்! பக்கத்து வீட்டுத் தம்பதியருக்குக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரையோ, அங்கன்வாடிப் பணியாளரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள்.

இருவரும் சேர்ந்து பொறுக்கினால் அரை மணி நேரம்;
இல்லமெல்லாம் நலம் பெறும் ஆண்டு முழுதும்.